நோய் கற்றுத் தந்தது

மலையடிவாரத்தில் ஒரு குருகுலம் இருந்தது. அங்கே கணிதம் கற்பித்தவர் யோகாம்பாள். மாணவர்கள் எல்லோரும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

அவரிடம் படித்த தணிகைவேலுக்குப் பதினான்கு வயதில் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. வைத்தியம் பார்த்தார்கள். நோய் அடங்கும், மறுபடி கிளம்பும். காலையில் விரல்கள் மடங்காது. பல நாள் பாயை விட்டு எழுந்திருக்கவே முடியாது. பள்ளி இறுதித் தேர்வில் அவன் எடுத்த மதிப்பெண், அவன் ஆசைப்பட்ட கல்லூரிக்குப் போதவில்லை. ஆனாலும் யோகாம்பாள் சொன்னதன்பேரில், கல்லூரியில் அவனை ஒருமுறை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவன் யோகாம்பாளிடம் வந்தான்.

“அம்மா, மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். பதில் தயார் செய்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.”

“சொல்.”

அவன் நிமிர்ந்து நின்றுகொண்டான். “நோய் எனக்குக் கிடைத்த வரம். வலி எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது.”

“பொறுமையையா?”

“ஆமாம்.”

“போன வாரம் கஞ்சி கொண்டுவந்தவன் மேல் தம்ளரை வீசினாயே?”

தணிகைவேல் தலையைக் குனிந்துகொண்டான். “அன்றைக்கு வலி அதிகம், அம்மா.”

“சரி. வேறு என்ன கற்றுத் தந்தது?”

அவன் தன் வீங்கிய விரல்களைப் பார்த்தான்.

“ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டுதான் போனது.”

“எதையெல்லாம்?”

நுண்கணிதம் நடந்த மாதங்களைச் சொன்னான். விடை தெரிந்தும் தேர்வில் கை நின்றுபோனதைச் சொன்னான். கூடப் படித்தவர்கள் விளையாடக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டதைச் சொல்லும்போது அழுதான். யோகாம்பாள் தேற்றவில்லை. சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதை அங்கே சொல்ல முடியுமா உன்னால்?”

“சாக்குச் சொல்கிறான் என்று நினைப்பார்களே, அம்மா. இல்லாவிட்டால் பரிதாபப்படுவார்கள்.”

“நினைக்கலாம்” என்றார் அவர்.

கல்லூரியில் பேராசிரியர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். நுண்கணிதத்தில் ஒரு கேள்வி வந்தது.

“தெரியாது. அந்தப் பாடம் நடந்தபோது படுத்த படுக்கையாக இருந்தேன். இனிமேல்தான் படிக்க வேண்டும்.”

எண்களைப் பற்றி வேறொரு கணக்குக் கொடுத்தார்கள். அது தெரிந்தது. கரும்பலகைக்குப் போனான். சாக்பீஸ் விரலிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்து, உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோணல்மாணலாக எழுதினான். விடை சரியாக வந்தது.

மூத்த பேராசிரியர் கனிவாகக் கேட்டார். “இவ்வளவு கஷ்டம் உன்னை நன்றாகப் பக்குவப்படுத்தியிருக்கும். இல்லையா, தம்பி?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவர் முகம் அதைத்தான் எதிர்பார்த்தது.

“தெரியவில்லை ஐயா. நோய் வராமலே வளர்ந்த தணிகைவேலை நான் பார்த்ததில்லை.”

இடம் கொடுத்தார்கள். விட்டுப்போன பாடங்களை முதல் வருஷத்திலேயே படித்து முடிக்க வேண்டும் என்றார்கள்.

ஊர் திரும்பியதும் நேராக யோகாம்பாளிடம் போனான். செய்தியைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. அவன் முகம் மலரவில்லை.

“என்னப்பா?”

“இடம் கிடைத்துவிட்டது, அம்மா. மனசுதான் ஆறவில்லை. இத்தனை வருஷம் வலித்ததற்கு ஓர் அர்த்தம் வேண்டாமா? சும்மாவா வலித்தது?”

யோகாம்பாள் அவன் வலது கையைத் தன் கைகளில் ஏந்திக்கொண்டார். வீங்கிய விரல் மூட்டு ஒன்றை மெல்லத் தொட்டார்.

“இப்போது வலிக்கிறதா?”

“வலிக்கிறது.”

“இதைச் சுமக்கிறாயே, போதும். அர்த்தத்தையும் சேர்த்துச் சுமக்காதே.”