சட்டம் குடியிருந்த சுவடி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், மீசைக்கு மை பூசிக்கொள்ளும் ராஜா ஒருவர் இருந்தார். மீசை நரைத்தது ராஜ ரகசியம். கரிசலாங்கண்ணி இத்தனை பிடி, நெல்லிமுள்ளி இத்தனை பிடி என்று வைத்தியர் சொல்ல, எழுத்தர் எழுதி, மை அரைக்கிறவளுக்கு ஓலை போகும். அவ்வளவு பேருக்குத்தான் தெரியும் என்று ராஜா நம்பியிருந்தார்.

அந்த அரண்மனையில் யானைக்கு வெள்ளி முகபடாம் உண்டு, மயிலுக்குப் பந்தல் உண்டு. எழுதுகிறவனுக்கு ஓலை மட்டும் கிடையாது, கண்ணுகளா. ராஜாவின் பாட்டனார் காலத்திலிருந்தே அப்படி. எழுத்தர்கள் பன்னிரண்டு பேரும் சொந்தச் சுவடி, சொந்த எழுத்தாணியோடு வர வேண்டும். முன் ஏடுகளில் அரண்மனை வேலை, பின் ஏடுகளில் வீட்டு விஷயம். சாயங்காலம் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இது காவல் அமைச்சர் இருங்கோளருக்குக் கண்ணில் விழுந்த தூசி. சுவடிக் கயிற்றின் முடிச்சு அவரவருக்கு மட்டுமே தெரிய வேண்டும் என்றார். அமாவாசைக்கு அமாவாசை முடிச்சை மாற்ற வேண்டும், போட்ட முடிச்சை மறுபடி போடக் கூடாது என்றார். விளைவு, மூன்றாம் அமாவாசைக்குள் பாதிப் பேருக்குத் தங்கள் சுவடியைத் தங்களுக்கே அவிழ்க்கத் தெரியவில்லை. ஒருவர் முடிச்சை மறக்காமலிருக்க அதே மாதிரி தன் குடுமியில் போட்டுக்கொண்டு வந்தார்.

இப்படி இருக்கையில் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். கொண்டுவந்த தட்டுகளில் முத்து இருந்தது, சந்தனம் இருந்தது, ஓரமாக ஒரு சிறு சிமிழும் இருந்தது. ராஜா திறந்து பார்த்தார். மீசை மை.

இருங்கோளர் எழுந்தார்.

"மகாராஜா, ரகசியம் நடந்து போகவில்லை. எழுத்தர்களின் அக்குள் இடுக்கில் உட்கார்ந்து போயிருக்கிறது."

ராஜாவுக்குக் கோபத்தில் காது சிவந்தது. அங்கேயே, அப்போதே ஆணை பிறந்தது. இருங்கோளர் வாய்விட்டுச் சொல்ல, பக்கத்தில் இருந்த மூத்த எழுத்தர் உலகநம்பி தம் சுவடியைப் பிரித்து எழுதினார்: "அரண்மனை எழுத்தும் வீட்டு எழுத்தும் கலந்த சுவடிகள் பன்னிரண்டும், ஒன்றாக, ஓர் ஏடும் பிரிக்காமல், கீழைவாசல் தீயில், காவல் அமைச்சர் தம் கையால் இடப்பட வேண்டும்." 'தம் கையால்' என்பதை அமைச்சர் இரண்டு தடவை சொன்னார், பெருமையாக இருந்தது போலும். ராஜா அந்த ஏட்டில் அரக்கு வைத்து முத்திரை பதித்தார். பறையறைகிறவன் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு ஓடினான். காவலர்கள் பன்னிரண்டு சுவடிகளையும் எழுத்தாணிகளையும் அங்கேயே பிடுங்கி அறையில் பூட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை தீ என்று அமைச்சர் வாயால் நாள் குறித்தார்.

மற்ற எழுத்தர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். உலகநம்பி மட்டும் வெறும் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இதைத் தூணோரம் நின்று பார்த்தவர் அரசவை விகடர் செவந்தியப்பன். முப்பது வருஷமாக ராஜாவைச் சிரிக்க வைத்துச் சோறு தின்கிறவர். நம்பியின் சுவடியில் பின்னால் இருக்கும் பதினோரு ஏடுகளைப் பற்றி அவருக்குத் தெரியும். மறுநாளே ராஜாவிடம் போனார்.

"அரசே, பன்னிரண்டில் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும்."

"முத்திரை விழுந்த ஓலையை நானே நினைத்தாலும் மாற்ற முடியாது, செவந்தியப்பா. முத்திரையைத் தீயிலிட்டவன் தலை உடம்பில் தங்காது என்றும் முப்பாட்டனார் கீழைவாசல் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார். முத்திரை என்றால் விளையாட்டா?"

பக்கத்திலிருந்த இருங்கோளர் மெல்லச் சிரித்தார். விகடருக்கு ராஜா பக்கத்தில் இருக்கை என்பது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"விகடருக்கு ஆகாத காரியம் உண்டா, மகாராஜா? ஆணையில் ஒரு சொல்லும் மீறக் கூடாது, தீயும் மூட்ட வேண்டும், சுவடியும் வேகக் கூடாது. செய்து காட்டட்டும். முடியாவிட்டால் கோட்டையை விட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் பிடிக்கும். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

செவந்தியப்பன் திங்கள் முழுக்க யோசித்தார், செவ்வாய் யோசித்தார், புதனும் போயிற்று. மண்டைக்குள் ஒரு பூச்சி கூடப் பறக்கவில்லை. கோட்டையை விட்டுப் போவது அவருக்குப் பெரிதில்லை. வியாழக்கிழமை காலை நம்பி வீட்டுக்குப் போனார்.

நம்பியின் மனைவி செண்பகவடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷமாக அவளுக்கு நினைவு நழுவிக்கொண்டிருந்தது. ஆரம்பத்திலேயே அது தெரிந்து, தெளிவாக இருந்த நாட்களில் அவளே சொல்லச் சொல்ல நம்பி எழுதியவைதான் அந்தப் பதினோரு ஏடுகள். தினம் காலையில் அதைப் படித்துக் காட்டுவார். அவள் கேட்டு, தலையாட்டி, எழுந்து அடுப்பு மூட்டப் போவாள். ஒரு நாள் தவறியதில்லை.

இப்போது நான்கு காலைகள் தவறியிருந்தன.

"தங்கச்சி, நல்லா இருக்கியாம்மா?" என்றார் செவந்தியப்பன்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு நம்பியைக் காட்டி, "இந்த ஐயா காலையிலேருந்து இங்கயே இருக்காரு. அவரு வீட்ல தேட மாட்டாங்களா?" என்றாள்.

நம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"வாயால சொல்லிப் பாத்தியா, நம்பி?"

"சொன்னேன் செவந்தி. நம்ப மாட்டேங்குறா. 'நீ சொல்றே, ஏடு சொல்லலயே'ங்கிறா. புதுசா எழுதலாம்னா எழுத்தாணியும் அவங்க கிட்ட. எழுதினாலும் என் பேச்சாத்தான் வரும். அது அவ பேச்சு. எந்தச் சொல்லுக்கு அப்புறம் எந்தச் சொல்லுன்னு எனக்கே பாதி தப்புது."

இரண்டு கிழவர்களும் மண்தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கறுப்புப் பசு கத்தியது, கறக்க ஆளில்லை.

"இதுல கொடுமை என்னன்னா, அந்தச் சுவடிய எரிக்கச் சொன்னதையும் என் கையாலேயே, அதுலதான் எழுதினேன். அவளோட ஏட்டுக்கு முந்தின ஏடு. கடைசியா எழுதினது அதுதான்" என்றார் நம்பி.

செவந்தியப்பன் நிமிர்ந்தார்.

"திருப்பிச் சொல்லு."

நம்பி திருப்பிச் சொன்னார். செவந்தியப்பன் எழுந்து, பசுவைக் கறந்து வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கீழைவாசலில் ஊரே கூடியிருந்தது. நடுவில் தீ எரிந்தது. பன்னிரண்டு சுவடிகளும் அடுக்கியிருந்தன. இருங்கோளர் கையில் பந்தத்தோடு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"என்ன விகடரே, மூட்டை கட்டியாயிற்றா?"

"கட்டிவிட்டேன் அமைச்சரே. போவதற்கு முன் ஒரே ஓர் ஆசை. எந்த ஆணைப்படி எரிக்கிறோம் என்று ஒருமுறை வாசித்துவிட்டு எரிக்கலாமே. ஊர் கேட்கட்டும்."

ராஜா கை அசைத்தார். "வாசிக்கட்டும். ஆணை எங்கே?"

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் நம்பியின் சுவடியை எடுத்துக் கொடுத்தார்கள். முடிச்சு யாருக்கும் அவிழவில்லை. நம்பியே அவிழ்த்து ஏட்டைத் திருப்பிக் காட்டினார். அரக்கு முத்திரை வெயிலில் பளபளத்தது. அமைச்சர் உரக்க வாசித்து முடித்தார்.

"மிக்க நன்றி. இப்போது எரியுங்கள், தங்கள் கையால்" என்றார் செவந்தியப்பன்.

அமைச்சர் பந்தத்தைத் தாழ்த்தினார். செவந்தியப்பன் வாசல் கல்லின் பக்கம் திரும்பி, அதில் வெட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். "ராஜ முத்திரையைத் தீயிலிட்டவன் தலை... அப்புறம் என்னமோ போட்டிருக்கிறதே, கண் மங்கல். அமைச்சர் கொஞ்சம் பார்த்துச் சொல்கிறீர்களா?"

பந்தம் நின்றது.

"அந்த ஓர் ஏட்டை உருவிவிட்டு எரிப்போம்" என்றார் அமைச்சர்.

"ஓர் ஏடும் பிரிக்காமல் என்று இப்போதுதானே வாசித்தீர்கள்."

"மற்ற பதினொன்றை முதலில்..."

"பன்னிரண்டும் ஒன்றாக என்றும் வாசித்தீர்கள்."

"ஆணையை வேறோர் ஏட்டில் பெயர்த்து எழுதி, அதில் முத்திரை வைத்து..."

"வைக்கலாம். யாருடைய ஏட்டில்? அரண்மனையில் ஓலை கிடையாது. தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தால், தங்கள் வீட்டு ஏட்டில் அரண்மனை எழுத்து ஏறிவிடும். அப்புறம் தங்களையும் ஒரு தீ மூட்டி அழைக்க வேண்டியிருக்கும்." செவந்தியப்பன் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டார். "அரசே, தீ மூட்டியாயிற்று. ஆணை ஒரு சொல்லும் குறையாமல் நிற்கிறது. என்றைக்கு எரிப்பது என்று மட்டும் ஆணையில் இல்லை. தலை போனாலும் பரவாயில்லை என்று அமைச்சருக்கு என்று தோன்றுகிறதோ, அன்று எரிக்கட்டும். அதுவரை பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்."

ராஜா அமைச்சரின் முகத்தைப் பார்த்தார். பந்தத்திலிருந்து எண்ணெய் சொட்டி அமைச்சரின் செருப்பில் விழுந்துகொண்டிருந்தது. ராஜாவுக்குச் சிரிப்பு கிளம்பியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் முட்டி வழியச் சிரித்தார். நீர் மீசையில் இறங்கியது. மீசையிலிருந்து மை இறங்கியது. இரண்டு கறுப்புக் கோடுகள் தாடை வரை வந்தன. மழை வந்தாலும், வியர்த்தாலும் இதே கூத்துதான். ஊருக்கு வருஷக்கணக்காகத் தெரியும். யாரும் மூச்சு விட்டதில்லை. செவந்தியப்பன் கிட்டே போய்த் தம் மேல்துண்டை நீட்டி, "ரகசியம் சொட்டுகிறது, அரசே" என்று காதோடு சொன்னார்.

ராஜா துடைத்துப் பார்த்தார். பிறகு முன்னிலும் பெரிதாகச் சிரித்தார். "அந்தச் சட்டம் அந்தச் சுவடிக்குள்ளேயே தூங்கட்டும். எல்லோரும் எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து விகடருக்குப் போர்த்தினார். "வேறென்ன வேண்டும், கேள்."

"எழுத்தர்களுக்கு அரண்மனை ஓலை, அரசே."

"அதற்கென்ன, ஆகட்டும்" என்றார் ராஜா. அது ஆகவில்லை, தங்கங்களே. அதெல்லாம் எந்த நாட்டில் ஆகியிருக்கிறது?

நம்பி சுவடியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். அறுபது வயதில் ஓடினார். செவந்தியப்பன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனார். செண்பகவடிவு அதே சுவரில் சாய்ந்திருந்தாள். நம்பி எதிரில் உட்கார்ந்து, முத்திரை ஏட்டைத் தள்ளிவிட்டுப் படிக்கத் தொடங்கினார்.

"என் பேர் செண்பகவடிவு. கொல்லையில் நிற்கும் முருங்கையை நான்தான் வைத்தேன். கறுப்புப் பசுவுக்கு இடது பக்கம் போனால் உதைக்கும். எனக்குப் பிள்ளை இல்லை. அதற்கு நான் அழுது முடித்துவிட்டேன், யாரும் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். காலையில் பக்கத்தில் குறட்டை விடுகிறவர் என் வீட்டுக்காரர். பயப்பட வேண்டாம். சுவடியை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போவார். சாயங்காலம் வந்துவிடுவார்."

பதினோரு ஏடுகளும் முடிந்தன. அவள் கவனமாகக் கேட்டாள். தலையாட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"நல்லா இருந்துச்சுங்க. யாரு கதை இது?"

ஐந்து காலைகள். அவ்வளவுதான் போயிருந்தது. செவந்தியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷத்தில் சேர்த்த வேடிக்கைப் பேச்சில் ஒன்றுகூட அந்த வீட்டுக்குள் செல்லுபடியாகவில்லை. தோளிலிருந்த ராஜப் பட்டை எடுத்து அவள் முழங்காலில் போர்த்திவிட்டார்.

அவள் பட்டைத் தடவிக்கொண்டே, "பாவம் அந்தப் பொண்ணு" என்றாள். "சாயங்காலம் அவரு வந்தாரா?"

நம்பி சுவடியைக் கட்டினார். முடிச்சைப் போட்டு முடித்தார்.

"வந்துட்டாரு" என்றார்.

"அப்ப சரி" என்றாள் செண்பகவடிவு. "அவ பயப்பட மாட்டா."

ராஜா சிரித்தாயிற்று, பட்டும் கொடுத்தாயிற்று. விகடக் கதை அதோடு முடிந்துவிடும். மறுநாள் காலை நம்பி மறுபடியும் முடிச்சை அவிழ்த்து, சட்டத்தைத் தள்ளிவிட்டு, முதல் ஏட்டிலிருந்து படித்தார்.