ஒத்தைச் செருப்போட போனவ

கண்ணாடியைக் கழட்டி ஜன்னல்ல வச்சாச்சு, விளக்கையும் அணைச்சாச்சு. காலைல எனக்குப் பஸ்ஸு. ஒரே ஒரு கதைதான் பூவிழி, அதுக்கு மேல கேட்டா அத்தைக்குக் கெட்ட கோவம் வரும். ம் கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நான் பாட்டுக்கு நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தா. பேரு பொற்கொடி. பல்லி கத்தினா பயம், கரண்டு போனா பயம், குக்கர் விசில் அடிச்சாக்கூட அடுத்த ரூமுக்கு ஓடிடுவா. அவ என்ன பண்ணினா தெரியுமா? கடல் தாண்டி ஒரு மலைநாட்டுல, அம்மா அப்பா கூட இல்லாத பிள்ளைங்க இருக்கற இல்லத்துக்கு, கூட இருந்து பாத்துக்கறேன்னு எழுதிப் போட்டுட்டா. சம்பளம் கிடையாது. பிள்ளைங்கன்னா அவளுக்கு உசுரு, அதான்.

அப்புறம் ப்ளேன் ஏறி, ஜீப் ஏறி, கடகட கடகடன்னு மலை மேல போய் இறங்கினா. எங்க பாத்தாலும் பனி. நீட்டின கை தெரியல. அதுக்குள்ள ஒரு பெரிய இரும்பு கேட்டு. க்ரீ...ச்சுனு திறந்துச்சு. உள்ள பிள்ளைங்க வரிசையா நிக்குதுங்க. ஒண்ணும் சிரிக்கல, ஒண்ணும் பேசல. அவளையே பாக்குதுங்க.

"ம்..."

இன்னும் ஒண்ணுமே ஆகல, அதுக்குள்ள ஏன்டி என் கையைப் புடிக்கற?

அந்த இல்லத்தைப் பாத்துக்கறவங்க ரூத்துன்னு ஒரு வயசான அம்மா. நல்லவங்க, பேச்சு மட்டும் கம்மி. பிள்ளைங்கள்லயே சின்னவ லூமி. இல்லத்துக்கு வந்த நாள்லேர்ந்து வாயே திறக்காத பொண்ணு.

முதல் நாள் எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்காங்க. பொற்கொடி முன்னாடியே எந்திரிச்சு, "போயிட்டு வரேன்"னா. அந்த ஊர் பாஷைல அவ முதல்ல கத்துக்கிட்டதே அதுதான். நம்ம வீட்டுல யாராவது வெறுமனே போறேன்னு சொல்லுவோமா? சொன்னா வாய்லயே போடுவாங்க. அவளும் அப்படி வளந்தவதான. அவ சொன்னதுதான் தாமதம், ஸ்பூன் சத்தமெல்லாம் டக்குனு நின்னு போச்சு. லூமி தட்டு கீழ விழுந்து கிர்ர்ர்னு சுத்துது, குனிஞ்சு எடுக்க ஆளில்ல. கை கழுவிட்டு வெளிய வந்து பாத்தா, வாசல்ல கழட்டி விட்ட செருப்புல ஒண்ணைக் காணோம். ராவெல்லாம் அவளுக்குத் தூக்கமே வரல.

ரெண்டாம் நாள். "குளிக்கப் போயிட்டு வரேன்"னு சொல்லிட்டுப் போனா. தண்ணி சில்லுனு இருக்கு. அப்போ, சரக்! யாரோ வெளிய தாப்பாள் போட்டுட்டாங்க. "யாரு?" கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்ஸ்... ஸ்ஸ்...னு மூச்சு விடற சத்தம் மட்டும். அலறினா பாரு ஒரு அலறல்! ரூத்தம்மா ஓடி வந்து திறந்தாங்க. வெளிய ஒருத்தரும் இல்ல.

"ம்... பேயா அத்தே?"

அப்படித்தான் அவளும் நினைச்சா. இல்லைன்னா இந்தப் பிள்ளைங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகலன்னு நினைச்சா. அப்போதான் முடிவு பண்ணினா, யார்கிட்டயும் சொல்லாம ஊருக்கு ஓடிடணும்னு.

மூணாம் நாள் ஜீப் வந்துச்சு. பையை முதல்லயே பின்னாடி ஏத்திட்டா. ஷூவை மாட்டிக்கிட்டு, கேட்டுக்கிட்ட நின்ன பிள்ளைங்களைப் பாத்து, "சந்தைக்குப் போயிட்டு வரேன்"னா. பச்சைப் பொய்! டிரைவர் சாவியைத் திருகினான். ட்ர்ர்ர்...னு வண்டி குலுங்குது. ஏற காலைத் தூக்கினவ கண்ணுல, பின் சக்கரத்துக்கிட்ட என்னமோ பட்டுச்சு. அவ செருப்பு. காணாமப் போன அதே செருப்பு. குனிஞ்சா... சக்கரத்துக்குப் பின்னாடி ரெண்டு கண்ணு!

"ம்!"

லூமிடி! செருப்பு நுனியைப் புடிச்சுக்கிட்டு ஜீப்புக்கு அடியில படுத்திருக்கா. வண்டி ஒரு சாண் பின்னால நகருது. "நிறுத்து, நிறுத்து"ன்னு தமிழ்ல கத்தறா. அவனுக்கு எங்க புரியும்? முன்னாடி ஓடி டம் டம் டம்முனு பானெட்டுல அறைஞ்சா. கீ...ச்! நின்னுச்சு. நூலிழைடி கண்ணு, நூலிழை.

ரூத்தம்மா அந்தக் குளிர்லயும் வேர்த்துப் போய் ஓடி வந்தாங்க. "இந்தக் கேட்டுல பிள்ளையை விட்டுட்டுப் போனவங்க எல்லாருமே, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. ஒருத்தரும் வரல. நாங்க யாரும் இங்க அதைச் சொல்றதில்ல. உனக்குச் சொல்லியிருக்கணும்"னாங்க. அப்போதான் புரிஞ்சுது, செருப்பை எடுத்ததும் தாப்பாள் போட்டதும் எதுக்குன்னு. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ போயிடுவாளோன்னு பயம்.

பொற்கொடி சேத்துல தவழ்ந்து, ஜீப்புக்கு அடியில லூமி பக்கத்துல போய்ப் படுத்தா. வாயே திறக்காத பொண்ணு அன்னிக்குத் திறந்துச்சு. "நீ வரமாட்டே"ன்னுச்சு. அது நெசம்தான. அழுதுட்டே பையை இறக்கி வச்சா.

அடுத்த நாள் நெசமாவே அரிசி வாங்கப் போகணும். கேட்டுல நிக்கறா. அம்மா முகம் கண்ணு முன்னாடி வருது, வெறுமனே போறேன்னு சொன்னா வழில ஏதாவது ஆயிடுமோன்னு பயம். ஆனாலும் சொன்னா. "லூமி, நான் போறேன்." லூமி செருப்பைத் தரல, மார்போட அணைச்சுக்கிட்டா. சரின்னு இவ ஷூவை விட்டுட்டு, மிச்சம் இருந்த ஒத்தைச் செருப்பை மட்டும் போட்டுக்கிட்டு ஏறினா. சந்தையே சிரிச்சுது.

திரும்பறப்போ பனி கொட்டுது. பாதி மலைல வண்டி நின்னு போச்சு. பொழுது சாயுது. இல்லத்துல பிள்ளைங்க கேட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. வரல. வரவே இல்ல. அப்போ பனிக்குள்ளேர்ந்து ஒரு சத்தம். ச்சப்... தொப். ச்சப்... தொப். பிள்ளைங்கல்லாம் வீல்னு கத்திக்கிட்டு உள்ள ஓடுதுங்க. லூமி மட்டும் ஓடல. ஒரு காலுல செருப்பு, ஒரு காலுல இல்ல. அந்தச் சத்தம் யாருதுன்னு அவளுக்குத் தெரியும். க்ரீ...ச்சுனு கேட்டைத் திறந்து, செருப்பைப் பொற்கொடி வெறுங்காலுக்கு முன்னாடி வச்சா.

கதை முடிஞ்சாச்சு, கண்ணை மூடிக்கோ.

"அத்தே... காலைல நீயும் போயிட்டு வரேன்னுதான சொல்லுவ?"

அடிப்பாவி! உங்கப்பா காதுல விழுந்தா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவான். சரி, காதைக் கொடு. காலைல நான் போறேன். பொங்கலுக்கு இங்க வந்து நிப்பேன். போதுமா?

எங்கடி என் கண்ணாடி? ஜன்னல்லதான வச்சேன்... தலகாணிக்கு அடியிலயா?

சரி, அங்கயே இருக்கட்டும். பஸ் போர்டை யாரையாவது படிக்கச் சொல்லிக்கறேன். தூங்கு.