அறுபது அட்டவணையும் ஒரு நாற்காலியும்

ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் மொழிபெயர்ப்பாளர் குலசேகரனுக்கு இத்தாலியன் டிப்ளமோ தலைக்கேறியிருந்தது. தோல் தரம் பிரிக்கும் முனிரத்தினம் இத்தாலியனில் ஏதோ பேசியதும் குலசேகரன் பொங்கிவிட்டார்.

“குட்டிச் சொல் ஒட்டிக்கிட்டு வர்ற வினைச்சொல்லுக்கே அறுபது அட்டவணை இருக்கு. ஒப்பிச்சிட்டு வாயைத் திற!”

“முதல்ல நீங்க பேசுங்க சார். மிச்சமிருந்தா நான் பேசறேன்.”

மறுநாள் வந்த இத்தாலி வியாபாரி, தோலில் கீறலைப் பார்த்ததும் “மே நே வாதோ!” என்று பையைத் தூக்கினார். கிளம்புகிறாராம். ஆர்டர் போனால் ஃபேக்டரியே படுத்துவிடும். குலசேகரன் பதிலுக்கு அட்டவணையைப் புரட்டினார். ஆள் வாசலுக்கே போய்விட்டார்.

முனிரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டான். “நோன் சே லா பிரேந்தா!” கோவிச்சுக்காதீங்க என்று அர்த்தம். வியாபாரி சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

“அது எந்த அட்டவணைடா?”

“தெரியாது சார். மெஷின் மாட்ட வந்த இத்தாலி மெக்கானிக் தினம் பத்து தடவை கோவிச்சுக்குவார். நான்தான் உட்கார வைப்பேன். நீங்களும் உட்காருங்க, நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் தேடுவீங்க?”