வேலாத்தா வீட்டுத் தூசி

தூசிக்குக்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில் வேலாத்தா என்று ஒருத்தி இருந்தாள். வீடு கூட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரே சொன்னது. ஊர் எங்கே சொன்னது, வேலாத்தாதான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அவள் கூட்டுகிற அழகைக் கேளுங்கள். சேலையை இழுத்துச் செருகுவாள். விளக்குமாற்றைத் தோளுக்கு மேலே ஓங்குவாள். வாசற்படியில் ஆரம்பித்து வீட்டுக்குள் நோக்கி விளாசுவாள் பாருங்கள், பாம்பை அடிக்கிற வேகம்! தூசி கூரை வரைக்கும் கிளம்பும். அவள் புருஷன் செங்கோடன் அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டே தெருவுக்கு ஓடுவான். அவள் இடுப்பில் கை வைத்து நின்று, "வீடுன்னா இப்படி இருக்கோணும்!" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் தூசி சாவகாசமாக இறங்கி வந்து பழைய இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

"இன்னொரு ஆட்டம் போடலாமா வேலாத்தா?" என்று கேட்கும்.

"போடறேன் இரு!" என்று மறுபடியும் விளாசுவாள். தூசிக்கு அந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை. யாருக்குத்தான் வரும்?

அந்த வீட்டு விட்டத்தில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. வேலாத்தாவுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. கம்பு புடைத்தால் முதல் பிடி அதற்குத்தான். ஒரு வருஷம் கூட்டில் குஞ்சு பொரித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பச்சைப்பிள்ளைகள் இருக்கிற வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா? முன்னைவிட மும்முரமாகக் கூட்டினாள். புத்தி போன போக்கைப் பாருங்கள்!

ஒருநாள் காலையில் தாய்க்குருவி இறங்கி வந்து அம்மிக்கல்லில் உட்கார்ந்தது.

"அக்கா, நாங்க இந்த வீட்டை விட்டுப் போறோம்."

"எங்கேடி போறே? நான் என்ன குறை வெச்சேன்?"

"நீ கூட்டற புழுதியில குஞ்சுகளுக்குக் கண்ணைத் திறக்க முடியலை. சின்னவன் நேத்திருந்து இரைகூட வாங்கலை. றெக்கை முளைக்கிற வரைக்கும் பொழைச்சுக் கிடந்தா, அன்னிக்கே கிளம்பிடுவோம்."

வேலாத்தா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உரலின்மேல் ஏறினாள். சின்னக் குஞ்சை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர்ச் சொம்புக்கு ஓடினாள். சொம்பைத் தூக்கிய அவசரத்தில் பாதித் தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது. சேலை முனையை நனைத்துக் கண்ணையும் மூக்கையும் மெல்லத் துடைத்துவிட்டாள். "என் ராசா, வாயைத் திறடா!" என்று கெஞ்சினாள். குஞ்சு வாயைப் பிளந்து 'கீச்'சென்று ஒரு கத்துக் கத்தியது. அம்மாடி! அவளுக்கு உயிரே திரும்பி வந்தது.

அதே சமயம் கீழேயிருந்து தூசியும் கத்தியது. "யாரு தண்ணி ஊத்துனது? எந்திரிக்கவே முடியலையே!"

வேலாத்தா குனிந்து பார்த்தாள். ஈரம் பட்ட இடத்துத் தூசி அசையாமல் படுத்துக் கிடந்தது. குஞ்சைக் கூட்டில் விட்டுவிட்டு, சொம்புத் தண்ணீரைக் கையில் அள்ளி வீடு முழுக்கத் தெளித்தாள். வாசற்படியை விட்டுவிட்டு, இந்தத் தடவை உள் மூலையில் போய்க் குந்தினாள். விளக்குமாற்றை ஓங்காமல் தரையோடு தரையாக நிதானமாக இழுத்தாள். "ஐயோ, கிச்சுக்கிச்சு மூட்டறயே!" என்று நெளிந்துகொண்டே தூசி உருண்டு வந்தது. ஒரு பொட்டுக்கூட மேலே பறக்கவில்லை. தெருவில் மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு நின்ற செங்கோடன், தும்மலே வராமல் ஏமாந்து போனான்.

வாசற்படி வந்ததும் தூசி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"வெளியே தள்ளாதே வேலாத்தா. தெருவுல என்கூட ஆட ஆரு இருக்கா? மாடு மிதிக்கும், வண்டி ஏறும். இப்பத் தள்ளினாலும் காய்ஞ்சதும் காத்தோட காத்தா உள்ளே வந்துடுவேன்."

வந்துவிடும் என்று வேலாத்தாவுக்கும் தெரியும். வந்தால் குருவி போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமல் விளக்குமாறும் கையுமாக நின்றாள். குருவி ஒரு தரம் கூட்டை அண்ணாந்து பார்த்தது. பிறகு தூசியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"உனக்கு ஆடத்தானே ஆள் வேணும்? நான் வர்றேன். தினமும் வர்றேன். என் பிள்ளைகளும் வளர்ந்ததும் வரும். ஆனா, ஆட்டமெல்லாம் வெளியிலதான்."

"சத்தியமா?"

குருவி பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. நேராகத் தெருப்புழுதியில் போய் விழுந்து, இறகை விரித்துப் படபடவென்று ஒரு புரளு புரண்டது. அதைப் பார்த்ததும் தூசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நிலையை விட்டுவிட்டு வாசற்படியைத் தாண்டி ஒரே குதி!

"அப்பப்ப உன்னைப் பார்க்க வருவேன் வேலாத்தா!" என்று தெருவிலிருந்து கத்தியது.

"வா, வா. தண்ணி தெளிச்சு வழியனுப்பறேன்!" என்றாள் வேலாத்தா.

அன்று முதல்தான், நாம் தண்ணீர் தெளித்து, உள் மூலையில் தொடங்கி, தரையோடு தரையாக வாசலைப் பார்த்துக் கூட்டுகிறோம். தெருவில் குருவிகள் மண்ணில் விழுந்து புரள்கின்றன, அவை குளிக்கின்றன என்று நாம் சொல்கிறோம், அதுகளோ தங்கள் ஆத்தாள் கொடுத்த வாக்கை இன்னமும் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன.