இருபத்தொரு பொறுப்பாளர்களும் ஒரு புளியங்கொட்டையும்

தேர்தலுக்கு முந்தின நாளே ஜெயித்துவிட்ட கீரியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நாவல்குளத்துக் காட்டுப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு கீரி இருந்தது. பெயர் நல்லமுத்து. இரண்டாம் வருஷ மாணவன். தங்கியிருந்தது பள்ளத்து விடுதியில். முயல், அணில், வெள்ளெலி, கவுதாரி என்று தரையில் வளை தோண்டுகிறவையும் புதரில் ஒண்டுகிறவையும் அங்கேதான் இருந்தன.

மழை பிடித்தால் போதும், குளத்துத் தண்ணீர் நேரே அறைக்குள் வந்துவிடும். போன ஐப்பசியில் நல்லமுத்து கண்விழித்தபோது அதன் பாய் விடுதி வாசலுக்கு வெளியே மிதந்துகொண்டிருந்தது. பாய்மேல் நல்லமுத்துவும் இருந்தது!

“குளத்துக்கும் விடுதிக்கும் நடுவில் ஒரு கரை போட்டே தீரணும்! அதற்கு மாணவர் பேரவைத் தலைவர் மனசு வைக்கணும். யாரும் வைக்கலை. நானே நிற்கிறேன்!” என்றது நல்லமுத்து.

எதிர்த்து நின்றது எருமை காராயி.

“கரை எதுக்குப்பா? படுத்த இடத்துக்கே தண்ணி தேடி வந்தா எவ்வளவு சுகம்! நான் ஜெயிச்சா இன்னும் ரெண்டு வாய்க்கால் வெட்டுவேன்!” என்று குளத்துக்குள் படுத்தபடியே பிரசாரம் செய்தது காராயி. தவளைகளும் வாத்துகளும் ஆமைகளும் ஆரவாரம் செய்தன.

குளத்தில் இருந்தவை பத்தொன்பது. பள்ளத்து விடுதியில் இருந்தவை இருபத்து மூன்று. எண்ணத் தெரிந்த எல்லோருக்கும் முடிவு தெரிந்துவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

“ஜெயிக்கப் போறது உறுதி. அதைச் சும்மா ஜெயிச்சா நல்லாவா இருக்கும்? ஊர்வலம் வேணும்! பேனர் வேணும்! எல்லாரும் ஒண்ணாப் போய்க் கடைசியில் ஓட்டுப் போடணும். அப்பத்தான் கெத்து!” என்றது நல்லமுத்து.

“அண்ணே, ஊர்வலத்தில் எனக்கு என்ன பதவி?” என்று கேட்டது முயல்.

“நீதான் ஊர்வலத் தலைவர்!”

“அப்போ நான்?” என்று அணில் வாலைத் தூக்கியது.

“கொடிப் பொறுப்பாளர்!”

கவுதாரி கோஷச் செயலாளர் ஆனது. ஒரு வெள்ளெலி மாலைச் செயலாளர். இன்னொரு வெள்ளெலி மாலைத் துணைச் செயலாளர். சாயங்காலத்துக்குள் இருபத்தொரு பேருக்குப் பதவி கொடுத்தாகிவிட்டது.

மிச்சம் இருந்தது முள்ளம்பன்றி செவந்தி மட்டும்தான். மூன்றாம் வருஷம். அதிகம் பேசாது. அதன் அறையிலும்தான் தண்ணீர் ஏறும். தேக்கிலைகளைக் கோத்துப் பேனர் செய்ய அதனிடம்தான் பத்து முள் வாங்கினார்கள்.

“தம்பி, நானும் ஊர்வலத்துக்கு வரட்டுமா?” என்று கேட்டது செவந்தி.

“ஐயையோ, வேண்டாம் அக்கா! நீங்க பக்கத்தில் வந்தா பேனர் கிழிஞ்சுடும். நெரிசல்ல என் முதுகும் கிழிஞ்சுடும்!” என்றது நல்லமுத்து. பொறுப்பாளர்கள் இருபத்தொருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் விடியும்போதே நாவல் மரத்தடியில் இரண்டு பானைகளை வைத்தார்கள். சிவப்புப் பானை கீரிக்கு. கறுப்புப் பானை எருமைக்கு. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. பிடித்த பானையில் போட வேண்டியதுதான். துணைவேந்தர் யானை பக்கத்திலேயே நின்றது. உச்சிவெயிலில் தன் நிழல் தன் வயிற்றுக்கு அடியில் வந்ததும் யானை பானைகளை மூடிவிடும். அதற்கு மேல் கெஞ்சினாலும் திறக்காது.

செவந்தி விடியற்காலையிலேயே வந்தது. சிவப்புப் பானையில் ‘டிங்’ என்று ஒரு கொட்டையைப் போட்டது. வகுப்புக்குப் போய்விட்டது.

குளத்துக் கூட்டம் குளித்து முடித்துச் சொட்டச் சொட்ட வந்தது. ஆமைகள் மட்டும் முந்தின நாளே கிளம்பியிருந்ததால் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தன.

ஊர்வலமோ நூலகத்தை இரண்டு சுற்று சுற்றியது. கேன்டீனை மூன்று சுற்று சுற்றியது.

“எங்கள் அண்ணன்!” என்று கத்தியது கவுதாரி.

“நல்லமுத்து!” என்று கத்தின மற்றவை.

“போடுங்கள் ஓட்டு!”

“சிவப்புப் பானையில்!”

கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. கத்தியவைதான் கேட்டுக்கொண்டன.

வெயில் ஏறியது. நல்லமுத்து மாலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, “போதும்பா, வாங்க, போட்டுட்டு வந்துடுவோம்” என்றது. எல்லோரும் நாவல் மரத்துக்கு நடந்தார்கள். மரத்தைச் சுற்றி மூங்கில் வேலி. உள்ளே போக ஒரே ஒரு குறுகலான வழி.

“நான்தான் ஊர்வலத் தலைவர். நான்தான் முதலில்!” என்றது முயல்.

“கொடி போகாமல் தலைவர் எப்படிப் போவார்?” என்று குறுக்கே நின்றது அணில்.

“கோஷம் போடாமல் கொடி எப்படிப் போகும்?” என்றது கவுதாரி.

“மாலையைப் பிடிச்சிருக்கிறது நாங்க. இழுத்தா அண்ணன் கழுத்துதான் இறுகும், பார்த்துக்கோங்க!” என்றன வெள்ளெலிகள்.

இந்தச் சண்டைக்கு நடுவில் பேனரும் அந்த வழியில் குறுக்காக மாட்டிக்கொண்டது.

“யாராவது ஒருத்தர் முதல்ல போங்களேன்! இல்லாட்டி என்னையாவது விடுங்க!” என்று கதறியது நல்லமுத்து.

“என்ன அண்ணே இது, வேட்பாளர் முதல்ல போனா மரியாதையா இருக்குமா?” என்று இருபத்தொரு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

யானை குனிந்து தன் வயிற்றுக்கு அடியில் பார்த்தது. நிழல் வந்துவிட்டது. பானைகளை மூடிவிட்டது!

எண்ணினார்கள். கறுப்புப் பானையில் பத்தொன்பது கொட்டைகள். சிவப்புப் பானையில் ஒன்று.

“அந்த ஒண்ணு நான் போட்டதுதான்!” என்றது முயல்.

“நீ எப்போடா போட்டே? என் காலை மிதிச்சுக்கிட்டு வெளியேதானே நின்னே!” என்றது அணில்.

ஊர்வலத்துக்கு வராத ஒரே ஆள் யார் என்று நல்லமுத்துவுக்குத் தெரியும்.

மழைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பாய் மிதந்த ஞாபகம் நல்லமுத்துவைத் தூங்கவிடவில்லை. வெட்கத்தை விட்டுக் குளத்துக்குப் போனது.

“தலைவரே, வாய்க்கால் வெட்டாதீங்க. எங்க விடுதிக்கு ஒரு கரை மட்டும் போட்டுக் கொடுங்க.”

காராயி கெட்ட எருமை இல்லை. “கரைதானே, போட்டாப் போச்சு. ஆனா ஓட்டுப் போட்டவங்க மனு கொடுத்தாத்தான் பேரவை எடுத்துக்கும். எனக்கு எதிராப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. நீ யாருக்குப் போட்டே?” என்றது.

“யாருக்கும்... போடலை.”

“என்னது! உனக்கே நீ ஓட்டுப் போடலையா?”

காராயி சிரித்த சிரிப்பில் குளம் குலுங்கி, விடுதி வாசல்வரை அலை அடித்தது.

நனைந்த காலோடு நல்லமுத்து நேரே செவந்தியின் அறைக்குப் போனது. பின்னாலேயே இருபத்தொரு பொறுப்பாளர்களும் வந்தார்கள். இந்த முறை முன்னால் போக யாரும் சண்டை போடவில்லை. செவந்தி தன் புத்தகங்களை உயரமான கல்லின்மேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

“என்ன தம்பி, மறுபடியும் முள் வேணுமா?”

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னது: “இல்லை அக்கா. எத்தனை பேர் கூடிக் கத்தினாலும் செய்ய வேண்டிய வேலையைச் செய்யலைன்னா எல்லாமே வீண்தான்னு இப்போ புரிஞ்சுடுச்சு. மனு கொடுக்கிற தகுதி எங்க யாருக்குமே இல்லை, எங்க எல்லாருக்காகவும் நீங்களே ஒரு எட்டு போய்க் கேளுங்க அக்கா!”