ப்ளேன் எறங்குன ஊரு

ஒரு ஊர்ல ஒரு... என்ன, ராஜாவா? பாரு, வாயத் தொறந்து வச்சுக்கிட்டு ராஜாவ எதிர்பாக்குறத! ராஜா இல்ல. ராணியும் இல்ல. பேசுற கிளி? அது நேத்தே பறந்து போயிருச்சு. பேய் வேணும்னா தூங்குற உங்கம்மாவ எழுப்பு, நேர்லயே பாக்கலாம். இன்னிக்கு என்கிட்ட இருக்குறது ஒரு ரோடு. ஒரு ஊர்ல ஒரு ரோடு. அம்புட்டுத்தான் சரக்கு. வேணும்னா கேளு, வேணாம்னா செவுத்துப் பக்கம் திரும்பிப் படு.

"ம்."

அப்படி வா வழிக்கு.

அந்த ரோடு எந்த ஊருக்கும் போகாது. பொட்டக் காட்டு நடுவுல திடீர்னு தொடங்கும், அம்பு மாதிரி நேரா போகும், திடீர்னு நின்னுரும். ஏன்னா அது ரோடே இல்ல, ஏரோட்ரோமு, ப்ளேன் எறங்குற எடம். வெள்ளக்காரன் காலத்துல ஒரு பெரிய சண்டை நடந்துச்சுல்ல, அப்போ பட்டாளத்துக்காரங்க வந்து போட்டது. சண்டை முடிஞ்சுச்சு, பட்டாளம் மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. ரோடு போகல. அது எங்கிட்டுப் போகும், பாவம்.

அப்புறம் அதுல என்னென்ன எறங்குச்சு தெரியுமா? மொளகா எறங்குச்சு. ஊரு மொத்தமும் அங்கதான் மொளகா காயப் போடும். அந்தப் பக்கம் போனா, ஹ... ஹ... ஹச்சூ! சைக்கிள் பழகுறவன் எறங்குவான், தொப்பு! அந்த ரோட்டு ஓரத்துல ஒரு கெணறு. ஊருக்கு நல்ல தண்ணி அது ஒண்ணுதான். மத்த கெணத்துத் தண்ணியில ஒல வச்சா சோத்துக்கு உப்பே போட வேணாம், அம்புட்டு வசதி.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ ஒரு நாள் ஊருக்கு சேதி வந்துச்சு. டவுன்ல குப்ப ரொம்பிப் போச்சாம், கொட்ட எடமில்லையாம், அதனால ஏரோட்ரோம் பொட்டல்ல கொண்டாந்து கொட்டப் போறாங்களாம். தெனமும் லாரி லாரியா. குப்ப வந்தா கெணறு போச்சு. கெணறு போனா குடிக்கிறதுக்கு என்ன பண்ணுறது? ஊரே கெணத்தடியில கூடிருச்சு.

பிரசிடெண்டு பேரு பூமிநாதன். அவரு பேசுறதுக்கு முன்னாடி தொண்டையச் செருமுவாரு, மாட்டு வண்டி மேடு ஏறுற மாதிரி. க்க்க்கும்ம்ம்! "குப்பையத் தடுக்க ஒரே வழிதான் இருக்கு. பழைய எடத்தையெல்லாம் பாதுகாக்குறதுக்குன்னு அரசாங்கத்துல ஒரு ஆபீசு இருக்காம். அவங்க வந்து பாத்து, 'இது வரலாறு'ன்னு எழுதிட்டா ஒருத்தனும் தொட முடியாது. நம்மகிட்ட வரலாறு இல்லையா என்ன? எம்புட்டு ப்ளேன் எறங்குன ஊரு!"

"எம்புட்டு ப்ளேனு, பிரசிடெண்டு?"

"ஒரு... நூறு?"

"நூறு காணுமா?"

"சரி, எரநூறுன்னு வச்சுக்கங்க."

வச்சுக்கிட்டாங்க. வெள்ளக்காரன் சண்டை பூரா எறக்காத ப்ளேன ஊர்க்காரங்க ஒரே சாயங்காலத்துல எறக்கிட்டாங்க. அப்புறம் ஏரோட்ரோம் நினைவுப் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு போட்டாங்க. குழு போட்டா மொத வேல என்ன? பேனரு! பிரசிடெண்டு மூஞ்சிக்கு பைலட்டு தொப்பி மாட்டி, ரெண்டு ஆள் ஒசரத்துக்கு பேனரு. அந்த மனுஷன் டவுன் பஸ்ஸுல ஜன்னலோரம் ஒக்காந்தாலே உவ்வேன்னு வாந்தி எடுப்பாரு.

அப்போ ஒரு நாள் சர்ர்ர்ர்... கிறீச்! ஜீப்பு வந்துச்சு. ஜீப்புல இருந்து ஆபீசரம்மா எறங்குனாங்க. பேரு சுகுணா. கையில பேனா. கொரலு சொம்புக்குள்ள வாய வச்சுப் பேசுற மாதிரி இருக்கும். "வ்வணக்கம்ம்ம்."

இன்னொருத்தரும் அன்னிக்கு வந்திருந்தாரு. பிரசிடெண்டோட சம்பந்தி, உடையப்பன். பக்கத்து ஊரு. மகள இந்த வீட்டுக்குக் குடுத்தவரு. நம்ம ஊரோட பெருமையச் சம்பந்தியும் பாக்கட்டுமேன்னு பிரசிடெண்டே விருந்துக்கு வரச் சொன்னாரு. சம்பந்தின்னா சும்மாவா? மொத எல அவருக்கு. நல்ல நாற்காலி அவருக்கு. அவரு என்ன சொன்னாலும் மறு பேச்சு கெடையாது. பிரசிடெண்டு எதப் பேசுனாலும் முடிக்கும்போது, "என்ன சம்பந்தி, நாஞ் சொல்றது?"ன்னு கேப்பாரு. அவரும் வெத்தலைய மென்னுக்கிட்டே, "ஆம்மா சம்பந்தி"ம்பாரு. மரியாத!

"ம்."

ஆபீசரம்மா மொதல்ல ரோட்டுல காலால தட்டிப் பாத்தாங்க. டொக்கு டொக்கு. ஒரு ஓரம் பொளக்குன்னு பேந்துக்கிட்டு வந்துருச்சு. "இவ்வளவு மெல்லிசா போட்டிருக்காங்களே. ப்ளேன் எறங்கினா தாங்காதே?"

க்க்க்கும்ம்! "அந்தக் காலத்து ப்ளேனெல்லாம் ஒல்லியா இருக்கும் மேடம். பஞ்ச காலம் பாருங்க. என்ன சம்பந்தி, நாஞ் சொல்றது?"

"ஆம்மா சம்பந்தி."

ஆபீசரம்மா எழுதிக்கிட்டாங்க. ஒண்ணு தாண்டியாச்சு.

அப்புறம், "அந்தக் காலத்துப் பொருள் ஏதாவது மிச்சம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. இல்லாமயா? பட்டுத் துணியில சுத்தி, மாலையெல்லாம் போட்டு, நாலு பேரு தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஏரோப்ளேனோட மூக்குல சுத்துற றெக்க! புளி போட்டு தேச்சு பளபளன்னு இருந்துச்சு. முந்தின நாள் வரைக்கும் அது பால் சொசைட்டியில கடக்கு கடக்குன்னு சுத்திக்கிட்டு இருந்துச்சு. பால்காரங்க அன்னிக்கு வேர்வையில நனைஞ்சுக்கிட்டே பால் அளந்தாங்க, எல்லாம் வரலாத்துக்காக.

ஆபீசரம்மா திருப்பிப் பாத்தாங்க. "இதுல ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தியிருக்கே?"

க்க்கும்! "வெள்ளக்காரன் தரமில்லாத பொருள கையாலயும் தொட மாட்டான் மேடம். என்ன சம்பந்தி?"

"ஆம்மா... சம்பந்தி." இந்தத் தடவ வெத்தலையக் கொஞ்சம் மெதுவாதான் மென்னாரு.

ஆபீசரம்மாவுக்கு சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டாங்க. நல்ல மனுஷி. அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் ரெண்டு சொம்பு வாங்கிக் குடிச்சாங்க. எப்படியாச்சும் எழுதிக் குடுத்துரணும்னுதான் அவங்களும் நெனச்சாங்க போல. "கண்ணால பாத்தவங்க யாராவது ஒருத்தர் பேசினா போதும், முடிச்சிடலாம்"னாங்க.

அப்போ பிரசிடெண்டு வீட்டுல எல போட்டாச்சு. சாப்பாடு முடிஞ்சு பாயசம் வந்துச்சு. சீமைச்சாமித் தாத்தாவக் கூட்டியாந்து ஆபீசரம்மாவுக்கு எதுக்க ஒக்கார வச்சாங்க. அவரு சண்டை நடக்கும்போது எளந்தாரி. குழுவுல அவருக்கு ஒரு வாரமா பாடம் நடத்திருக்காங்க, எரநூறு ப்ளேனு, எரநூறு ப்ளேனுன்னு. தாத்தா பாடத்த மறந்துட்டாரு. மனசுல இருந்ததச் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.

"ப்ளேனெல்லாம் தூரத்துல இருந்து பாத்ததுதான் தாயி. கிட்டப் போனா பட்டாளத்தான் அடிப்பான். ஆனா வெளக்கு! அடடா! அப்ப ராவுல டவுனு கும்மிருட்டாக் கெடக்கும். ஒரு அரிக்கேன ஏத்துனாக்கூட போலீசு கதவத் தட்டுவான், டம டமன்னு. எங்க ஊர்ல? விடிய விடிய வெளக்கு! இந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா, தேர்த் திருவிழா மாதிரி! டவுனுக்கே இல்லாத வெளிச்சம்! வெள்ளக்காரனுக்கு எங்க மேல அம்புட்டுப் பிரியம் தாயி!"

பட பட படன்னு கைதட்டு. பிரசிடெண்டு கண்ணுல தண்ணி.

ஆபீசரம்மா பேனா மட்டும் நின்னு போச்சு. "சண்டை நேரத்துல... டவுனே இருட்டா இருக்கு... இங்க மட்டும் வெளக்கு எரியுது... ஏன்?"

க்க்க்க்கும்ம்ம்ம்! "பாசம் மேடம்! என்ன சம்பந்தி, நாஞ் சொல்றது?"

சம்பந்தி பாயச டம்ளரக் கீழ வச்சாரு. ஏஏஏவ்வ்வ்! நல்ல சாப்பாடு.

"பாசமாவது புண்ணாக்காவது. இங்க ஒரு ப்ளேன்கூட எறங்கல சம்பந்தி."

கைதட்டு பாதியில நின்னுருச்சு. ஒருத்தன் கை அந்தரத்துலயே நிக்குது.

"அன்னிக்கு நின்னதெல்லாம் மூங்கில் ப்ளேனு. கட்டுனது எங்கப்பாரு. கூண்டு வண்டி கட்டுற மாதிரி கட்டி, மேல சாக்கச் சுத்தி சுண்ணாம்பு அடிச்சது. உங்க ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வெள்ளக்காரன் எங்க ஊரு ஆளுகளக் கூலிக்குக் கூப்பிட்டான். வெளக்கும் அதுக்குத்தான். மேல வர்ற ஜப்பான்காரன் இத டவுனுன்னு நெனச்சு, குண்ட இங்க போட்டுட்டுப் போயிரணும்ல? டவுன் மேல விழுந்தா என்னாவுறது? அங்க மனுஷங்க இருக்காங்கல்ல."

ஆபீசரம்மா மெதுவா, "குண்டு விழுந்துச்சா?"ன்னு கேட்டாங்க.

"எங்கிட்டு? விடிய விடிய வெளக்கு எரிச்சும் இந்த ஊரு அவன் கண்ணுல படலையே."

டிக்! ஆபீசரம்மா பேனாவ மூடிட்டாங்க.

எல்லாரும் பிரசிடெண்டு மூஞ்சியப் பாக்குறாங்க. அவரு சம்பந்தியப் பாக்குறாரு. வேற யாராச்சும் பேசிருந்தா அன்னிக்கு அந்தக் கெணத்துலயே தூக்கிப் போட்டிருப்பாரு. சம்பந்தியாச்சே! தொண்டையச் செருமுனாரு, செரும வரல.

"இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்தட்டா சம்பந்தி?"

...

என்ன? அப்புறம் குப்ப வந்துச்சான்னா கேக்குற? என்கிட்ட ஏன் கேக்குற. மூக்கால மூச்ச ஒரு தடவ நல்லா இழு. ம்... இன்னும் இழு.

தெரிஞ்சுதா?

சரி, போர்வைய மூக்கு வரைக்கும் இழுத்து மூடிக்க. கத தரையில எறங்கிருச்சு, கண்ணையும் எறக்கு. தூங்கு.