பவளக்கொடி பொட்டி ஏன் அணைஞ்சுபோச்சு

ஒரு ஊர்ல ஒரு பொட்டி. என்ன பொட்டின்னு கேளு. நகைப் பொட்டி இல்லடா கண்ணு, கம்ப்யூட்டர் பொட்டி. தலகாணியைச் சரியா வச்சுக்கோ. ம் கொட்டிக்கிட்டே வரணும், நீ நிறுத்தினா நானும் நிறுத்திருவேன்.

ஊரு அருப்புக்கோட்டை. அங்க பவளக்கொடின்னு ஒரு பொண்ணு, காலேஜ்ல கடைசி வருஷம். அந்தப் பொட்டியை அவ கடையில வாங்கலை. ஒவ்வொரு சாமானா வாங்கிச் சேத்து, ஒரு வருஷம் பொறுத்திருந்து, தானே ஸ்க்ரூ முடுக்கிப் பூட்டினா. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்துச்சு.

அவ அம்மா பேரு தங்கபுஷ்பம். அந்தம்மாவுக்கு ஒரு வழக்கம், புதுசா எது வந்தாலும் அதோட கவரைக் கிழிக்க மாட்டாங்க. டிவி ரிமோட்டு கவருக்குள்ள. ஃப்ரிட்ஜ் கைப்பிடியில கவர். ஸ்கூட்டி சீட்டுல கடைக்காரன் போட்டுவிட்ட பாலித்தீன் அப்படியே இருக்கும், வெயில்ல உக்காந்தா சுருக்குன்னு சுடும். கவர் இருந்தாத்தான் சாமான் சாமானா இருக்கும்பாங்க. பவளக்கொடி சின்னப் புள்ளையிலருந்து அதைக் கேலி பண்ணியே வளந்தவ.

ம்? சரி, கேக்குற.

அப்புறம், கம்ப்யூட்டர்ல ஒரு விளையாட்டு. அஞ்சு ஊர்லருந்து அஞ்சு பேரு சேந்துக்கிட்டு ஒரு கோட்டையைக் காக்கணும். அந்தப் பக்கம் அஞ்சு பேரு வந்து இடிப்பாங்க. நம்ம பவளக்கொடிக்குக் கோட்டைக் கதவு. அவ நின்னா கதவு நிக்கும். அவங்க கூட்டம் ஜெயிச்சு ஜெயிச்சு, கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டம்.

அப்போ பாத்து அந்தப் பொட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா? அதுவரைக்கும் காலேஜ் கம்ப்யூட்டர்ல விளையாடினவ, புதன்கிழமைதான் தன் பொட்டியைப் பூட்டி முடிச்சிருந்தா. வியாழக்கிழமை பழகிப் பாக்கலாம்னு உக்காந்தா. விர்ர்ர்ருன்னு ஓடுச்சு. கால் மணி நேரம்கூட ஆகலை, டப்புன்னு அணைஞ்சுபோச்சு. திரை கறுப்பு. அந்தப் பக்கம் கதவு தடதடன்னு விழுந்து, உள்ள இருந்த நாலு பேரும் காலி. மறுபடி போட்டா. விர்ர்ர், டப்பு. சும்மா படம் பாத்தா ஒண்ணும் ஆகலை. விளையாடினாத்தான் டப்பு.

அவங்க கூட்டத்துக்குத் தலைவன் வாணியம்பாடிக்காரன், அர்ஷத்னு பேரு. மொத நாள் போனா போகுதுன்னு விட்டுட்டான்.

அப்போ சமையக்கட்டுல அவ அம்மா சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தாங்க. கொர்ர்ர், கொர்ர்ர். பவளக்கொடி அங்க ஓடுனா. மிக்சி கரண்டை எல்லாம் இழுக்குது, அதான் பொட்டி அணையுதுன்னு குதிச்சா. பாவம் அந்தம்மா. மிக்சியைக் கவரோட தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் அரைச்சுட்டு வந்தாங்க. வீட்ல இப்போ கொர்ரும் இல்ல புர்ரும் இல்ல. பவளக்கொடி விளையாட உக்காந்தா. விர்ர்ர்ர். என்ன ஆச்சு?

டப்பு. ஆமா.

அப்புறம் வெள்ளிக்கிழமை. இது மெமரிதான்னு முடிவு பண்ணிட்டா. பொட்டிக்குள்ள குச்சி மாதிரி ரெண்டு பட்டை இருக்கும், அதுலதான் பொட்டி எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கும். அதை டபக்குன்னு உருவுனா. பொன் நெறத்துல இருக்கிற ஓரத்தை அழி ரப்பர் வச்சு சரக் சரக்குன்னு தேச்சா. நம்ம ஊர்ல கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் மொத வைத்தியம் அதுதானே. ஊதினா, உள்ள வச்சு அமுக்கினா, க்ளிக்குன்னு உக்காந்துச்சு. பொட்டியைப் போட்டு விளையாடுனா. அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். சரியாயிருச்சுடான்னு அர்ஷத்கிட்டச் சொல்ல வாயைத் திறந்தா, டப்பு.

சிரிக்காதே. அவளுக்கு அழுகையே வந்துருச்சு. அர்ஷத்துக்கும் பொறுமை போச்சு. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குள்ள பொட்டி அணையாம ஓடுதுன்னு சொல்லு, இல்லேன்னா சேலத்துக்காரி ஒருத்தி காத்திருக்கா, அவளைக் கதவுல நிறுத்திருவேன்னுட்டான். மூணு மாசமா அந்தக் கதவைக் காத்தவ இவ. கடைசி நாள் வேற ஒருத்தி வந்து நிக்கறதுன்னா வயிறு எரியாதா?

அப்புறம் சனிக்கிழமை. அம்மா அந்தப் பொட்டிக்கும் ஒரு உறை தச்சுப் போட்டிருந்தாங்க. நீலத் துணி, ஓரத்துல லேஸ். காத்துப் போக ஓட்டைகூட விட்டுத்தான் தச்சிருந்தாங்க. பவளக்கொடி அதைச் சடார்னு உருவி எறிஞ்சா. எறிஞ்சதோட விட்டாளா? ஒரு வார்த்தை சொல்லிட்டா.

"உன்னாலதாம்மா இது சாகுது. இந்த வீட்ல எதையுமே நீ மூச்சு விட விடமாட்ட."

அந்தம்மா துணியைப் பொறுக்கி, நாலா மடிச்சு, உள்ள கொண்டுபோய் வச்சாங்க. அன்னிக்கு முழுக்கப் பேச்சே இல்ல. இட்லி மட்டும் தட்டுல வந்துச்சு. உறை இல்லாமப் பொட்டி ஓடுச்சா? எங்க ஓடுச்சு, விர்ர்ர், டப்பு. திட்டினது திட்டினதுதான், பொட்டி அணைஞ்சது அணைஞ்சதுதான்.

ம்... கண்ணு சொருகுது உனக்கு. இன்னும் கொஞ்சம்தான்.

ஞாயித்துக்கிழமை காலையில பவளக்கொடி மூஞ்சியக் கழுவிக்கிட்டு வந்து, தரையில சப்பணம் போட்டு உக்காந்தா. மூணு நாளா யாரு மேல பழி போடலாம்னு தேடினோமே, பொட்டியை ஒருதடவை ஒழுங்காப் பாத்தோமான்னு அவளுக்கே உறைச்சிருச்சு. பொட்டியோட பக்கவாட்டு மூடியைக் கழட்டினா. உள்ள எவ்வளவு சூடுன்னு திரையில காட்டுற மாதிரி வச்சா. விளையாட்டைப் போட்டா. அறுபது. எண்பது. தொண்ணூத்தஞ்சு. பொட்டியோட மூளை கொதியா கொதிக்குது. அந்த மூளை மேலதான் கூலர்னு ஒண்ணு உக்காந்திருக்கும், சூட்டை உறிஞ்சி வெளிய தள்ளறதுக்கு. அதோட தகட்டை மெதுவா விரலால தொட்டா.

சில்லுன்னு இருந்துச்சு.

கீழ அடுப்பு எரியுது, மேல வச்ச பாத்திரம் சுடலை. அப்போ நடுவுல எதுவோ தடுக்குதுன்னுதானே அர்த்தம்? அங்கதான் பொண்ணு கெட்டிக்காரி. மளமளன்னு பொட்டியை அணைச்சா. நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா. கூலரைத் திருகி எடுத்தா, பச்சக்குன்னு வந்துச்சு. திருப்பிப் பாத்தா, அடியில பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் தாள். புதுசுல ஒட்டிக்கிட்டு வந்த கவர். மாட்டறதுக்கு முன்னால உரிக்கச் சொல்லி அதுலயே எழுதியிருக்கு. இவ உரிக்காம அப்படியே மாட்டிட்டா.

அம்மாவைக் கேலி பண்ணி வளந்தவ. அந்த வீட்லயே வளந்த கை ஆச்சே, கவரைப் பாத்தா உரிக்கத் தோணலை.

அப்போ அம்மா காப்பி கொண்டுவந்தாங்க. பொண்ணு திருதிருன்னு உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு நின்னாங்க. அவ ஒளிக்கலை. அது நல்ல புத்தி.

"அம்மா, மிக்சியும் இல்ல, உன் துணியும் இல்ல. நான்தான் கவரைக் கிழிக்காம மாட்டியிருக்கேன். நேத்து உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அந்தம்மா காப்பியைக் கீழ வச்சாங்க. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு கூலரை வாங்கிப் பாத்தாங்க. அந்த வீட்ல ஆயுசுக்கும் ஒரு கவரைக் கிழிக்காத தங்கபுஷ்பம், ஒரு ஓரத்தை நகத்தால கிளப்பி, சர்ர்ர்ர்ருன்னு உரிச்சாங்க. உரிச்சுட்டு, ஆகவேண்டியதைப் பாருன்னு கையில கொடுத்துட்டாங்க.

அப்புறம் பவளக்கொடி பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைச்சா. டியூப்புல மிச்சம் இருந்த, சூட்டைக் கூலருக்குக் கடத்துற பேஸ்ட்டைப் பொட்டு மாதிரி வச்சா. கூலரை மாட்டி முடுக்கினா. விளையாட்டைப் போட்டா. அறுபது. அறுபத்திரண்டு. அங்கயே நின்னுச்சு. அரை மணி நேரம் ஓட்டினா, ஒரு மணி நேரம் ஓட்டினா, டப்பு வரவே இல்ல. ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அர்ஷத்துக்கு ஃபோன் போட்டு, தப்பு தன்னோடதுதான்னு உள்ளதை உள்ளபடி சொன்னா. அவன் சிரிச்சான் சிரிச்சான், அப்படிச் சிரிச்சான். சிரிச்சு முடிச்சு, கதவு உனக்குத்தான்னுட்டான்.

நாலு மணிக்கு ஆட்டம். அந்தப் பக்கம் தடதட தடதடன்னு இடிக்கிறாங்க. இவ அசையலை. முக்கால் மணி நேரம். அம்மா நாற்காலிக்குப் பின்னால, சாஞ்சுக்கற பலகையை ரெண்டு கையாலயும் இறுகப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. யாரு நம்மாளு, யாரு வேத்தாளுன்னு ஒண்ணும் தெரியலை அவங்களுக்கு. ஆட்டம் முடிஞ்சுது. ஹெட்ஃபோனுக்குள்ள ஓ-ன்னு ஒரே கூச்சல். பவளக்கொடி அதைக் கழட்டிட்டுத் திரும்பினா. அம்மா நெத்தியெல்லாம் வேர்வை.

"கதவு நின்னுச்சாடி?"ன்னு கேட்டாங்க.

"நின்னுச்சும்மா."

அப்பத்தான் அந்தம்மா பிடிச்ச பிடியை விட்டாங்க.

ம்? ம் வரலையே. சரி, தூங்கிட்ட. கோட்டையும் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு, நீ தூங்கு ராசா.